மூன்றாம் பெஞ்சில் ஒரு கிளாரினெட்

செய்முறைத் தேர்வு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் அப்பா. திராட்சைப் பந்தலில் கவாத்து வேலை பார்ப்பவர். முகூர்த்த மாதங்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு கடையின் விலைப்பட்டியல். அடியில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு தொகை.

"பாப்பா மியூசிக் காலேஜுக்குப் போகணும்னு நிக்குதுல்ல சார். அங்கன்னா மரத்துல செஞ்ச கிளாரினெட்டுதான் வேணும்னு சொல்றாங்க. மாட்டை வித்து, அவ அம்மா தோட்டையும் வெச்சா கொஞ்சம் தேறும். மிச்சத்தை வட்டிக்கு வாங்கிக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், வாங்கிப்புடுறேன்."

நான் இயற்பியல் ஆசிரியர். எனக்கு இசை தெரியாது. ஆனால் ஒருவர் நம்பி வந்து கேட்கும்போது 'தெரியாது' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. "மரம்தாண்ணே நல்லது. படிப்புக்குத்தானே, யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறுவதற்கு நானும் அந்த மாணவியும் என்ன செய்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. கிளாரினெட் வாங்கும் மாணவர் உங்கள் பள்ளியில் இல்லாமல் இருக்கலாம். தவில், வயலின், கேமரா, மடிக்கணினி, தையல் இயந்திரம் என்று ஏதோ ஒன்றை வாங்கக் கடன்படப் போகும் பெற்றோர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்கள் முதலில் கேட்பது நம்மைத்தான்.

பாடப்புத்தகத்தில் இருந்த படம்

அன்று மாலை பதினொன்றாம் வகுப்புக்கு 'அலைகள்' பாடம் திருப்புதல். மூடிய ஆர்கன் குழாய் வந்தது. புத்தகத்தைத் திறந்தேன். எடுத்துக்காட்டாகக் கிளாரினெட்டின் படம். பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு குழாய் வரைவேன். ஒரு முனையில் கணு, மறு முனையில் எதிர்க்கணு. அதிர்வெண்கள் 1 : 3 : 5 என்று எழுதுவேன். போன ஆண்டு இதே பாடத்தை நடத்தியபோது அந்த மாணவி மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு ஆணியில் கிளாரினெட் தொங்கியது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் நடத்திய பாடம் என்ன சொல்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஒலிப்பது குழாயின் சுவர் அல்ல. உள்ளே இருக்கும் காற்றுத்தம்பம். அப்படியென்றால் சுவர் மரமா, கெட்டி ரப்பரா, பிளாஸ்டிக்கா என்பது எவ்வளவு முக்கியம்? 'மரம்தான் நல்லது' என்று நான் சொன்னதற்கு என் பாடத்திலேயே ஆதாரம் இல்லை.

மறுநாள் அவள் அப்பாவுக்குப் பேசினேன். "அண்ணே, நேத்து அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அட்வான்ஸ் ஒண்ணும் குடுத்துடாதீங்க. பாப்பாவுக்குத் தேர்வு முடியட்டும். வீட்ல இருக்குற கிளாரினெட்டை எடுத்துட்டு ஒரு நாள் வரச் சொல்லுங்க."

ஆய்வகத்தில் ஒரு காலை

பொதுத்தேர்வு முடிந்த வாரத்தில் அவள் வந்தாள். கறுப்புப் பெட்டிக்குள் ஐந்து துண்டுகள்: மவுத்பீஸ், பேரல், மேல் குழல், கீழ்க் குழல், பெல். மரமல்ல, கெட்டி ரப்பர். அப்பா இளவயதில் பழையதாக வாங்கியது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவன் புல்லாங்குழல் கொண்டுவந்திருந்தான்.

முதலில் நீளம் அளந்தோம். பெல்லோடு சேர்த்து ஏறத்தாழ 66 செ.மீ. பி ஃபிளாட் கிளாரினெட்டின் மிகக் கீழான சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸ். நம் கணக்கில் இரண்டு கட்டை. காற்றில் ஒலியின் வேகம் 30 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். மூடிய குழாய்க்கு அதிர்வெண் = வேகம் ÷ (4 × நீளம்). நீளத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். 0.59 மீட்டர் என்று வந்தது. பெல்லின் விரிந்த பகுதியைக் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதுவேதான். பிள்ளைகள் திரும்பவும் அளந்தார்கள், நம்பவில்லை.

மேற்கத்தியப் புல்லாங்குழலும் ஏறத்தாழ இதே 66 செ.மீ. நீளம்தான். ஆனால் அது இரு முனையும் திறந்த குழாய். அதன் கீழ்ச்சுரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். ஒரே நீளமுள்ள இரண்டு குழல்களில் கிளாரினெட் மட்டும் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஒரு முனை மூடியிருப்பதால் கிடைக்கும் ஆழம் அது.

பிறகு ஊதல். பையன் புல்லாங்குழலில் ஒரு சுரம் வாசித்து, அதே விரல் நிலையில் அழுத்தி ஊதினான். மேல் ஸ்தாயியில் அதே சுரம் வந்தது. மாணவி கிளாரினெட்டில் ஒரு சுரம் வாசித்து, இடது கட்டைவிரலால் பின்புறக் கீயைத் தொட்டாள். வந்தது மேல் ஸ்தாயி சட்ஜமம் அல்ல. அதற்கும் மேலே பஞ்சமம். ஏனென்றால் இரண்டாம் மடங்கு இந்தக் குழலில் இல்லை. நேராக மூன்றாம் மடங்குக்குப் போகிறது. 147ஐ மூன்றால் பெருக்கினால் 441. நான் இத்தனை ஆண்டு கரும்பலகையில் எழுதிய 1 : 3 : 5 அன்றுதான் என் காதில் விழுந்தது.

அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "எங்க தாத்தா நாகஸ்வரம் வாசிச்சாரு சார். அதுவும் சீவாளி வெச்ச பக்கம் மூடுனதுதானே? அதுல மட்டும் எப்படி அதே சுரம் மேல் ஸ்தாயில வருது?" எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் படித்த பிறகு சொன்னேன். நாகஸ்வரத்தின் உட்குழி கூம்பு. கிளாரினெட்டின் உட்குழி பெரும்பகுதி உருளை. கூம்புக் குழலில், நுனி மூடியிருந்தாலும், எல்லா மடங்குகளும் கிடைக்கும். பாடப்புத்தகத்தைத் தாண்டிய அந்த விஷயத்தை எனக்குக் கற்றுக்கொள்ள வைத்தது ஒரு மாணவியின் வீட்டு அறிவு.

பழைய கருவிக்கு என்ன குறை?

"இதுல கீழ வாசிச்சா சத்தம் நையுது சார். அதனாலதான் அப்பா புதுசு வாங்கணும்கிறாரு" என்றாள். சரி, எங்கே நைகிறது என்று பார்ப்போம் என்றேன். மேலிருந்து ஒவ்வொரு சுரமாக இறங்கினாள். நடுவில் ஓர் இடம் வரை ஒலி திடமாக இருந்தது. அதற்குக் கீழே எல்லாமே காற்றும் கிறீச்சுமாக வந்தது.

காற்றுத்தம்பத்தின் நடுவில் ஓட்டை இருந்தால், அதற்குக் கீழே உள்ள குழாய் சரியாக வேலை செய்யாது. ஓட்டைக்கு மேலே உள்ள சுரங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே ஒலி நையத் தொடங்கும் இடத்துக்கு அருகில்தான் கசிவு. மேல் குழலை மட்டும் கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் காற்றை உறிஞ்சச் சொன்னேன். நல்ல கருவியில் உள்ளே வெற்றிடம் சில நொடிகள் நிற்கும். இதில் உடனே காற்று புகுந்தது. மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு பேடுக்கு அடியிலும் வைத்து மூடி இழுத்தோம். இரண்டு பேடுகளில் காகிதம் தடையின்றி வந்தது. பேடு உளுத்திருந்தது. கார்க்கும் காய்ந்திருந்தது.

குழலில் வெடிப்பு இல்லை. மதுரையில் கருவி பழுது பார்க்கும் ஒருவரிடம் அவள் அப்பா எடுத்துப் போனார். எல்லாப் பேடுகளையும் மாற்றியதற்கு ஆன செலவு, பட்டியலில் இருந்த தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அளவே இல்லை. திரும்பி வந்ததும் அவள் கீழ்ச்சுரத்தை வாசித்தாள். ஆய்வக மேசை அதிர்ந்தது.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அவள் அழுதாள். "அங்க எல்லாரும் புதுசு வெச்சிருப்பாங்க சார். நான் மட்டும் கல்யாண வீட்டுக் கிளாரினெட்டைத் தூக்கிட்டுப் போகணுமா?" அது சின்ன வருத்தம் இல்லை. நம் பிள்ளைகள் முதல் தலைமுறையாக ஒரு கல்லூரி வாசலில் நுழையும்போது, கையில் இருக்கும் பொருள் அவர்களைப் பற்றிப் பேசும் என்று பயப்படுகிறார்கள். அதற்குச் சூத்திரத்தில் பதில் இல்லை.

கிளாரினெட் 1700 வாக்கில் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் உருவான கருவி என்றும், 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சை வழியாகச் சதிர்க் கச்சேரிகளுக்கு வந்துவிட்டது என்றும் அவளிடம் சொன்னேன். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் இதே கருவியில் கர்நாடக இசை வாசித்து 2008இல் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீயும் பெற்றதைச் சொன்னேன். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை அவரைக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பாராட்டியதையும் சொன்னேன். நம் உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் சிம்பொனியை 2025 மார்ச்சில் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்ததை அவளே சொன்னாள். "அந்தக் குழுவுலயும் கிளாரினெட் இருந்துச்சு சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாண வீட்டுக் கிளாரினெட்டோடு போகச் சம்மதித்தாள். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

கல்லூரியிடம் கேட்ட கேள்விகள்

அவள் சேரவிருந்தது சென்னையில் மேற்கத்திய இசை கற்பிக்கும் ஒரு கல்லூரி. அங்குள்ள ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசினோம். முன்பே கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டோம். எந்தக் கருவிக்கும் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

1. எந்த விரல் முறை? இன்று பெரும்பாலான கல்லூரிகளில் போம் முறை. 1840 வாக்கில் பாரிஸில் க்ளோசேயும் பஃபேயும் சேர்ந்து உருவாக்கியது. பழைய பேண்டு செட்டுகளில் ஆல்பர்ட் முறைக் கருவி இருக்கலாம். அதன் விரல் நிலைகள் வேறு. எங்கள் நல்ல காலம், அவள் அப்பாவின் கருவி போம் முறை.

2. எந்தச் சுருதி? இசைக்குழுவில் வாசிப்பவர் பி ஃபிளாட், ஏ என்று இரண்டு கிளாரினெட் வைத்திருப்பார்கள். பி ஃபிளாட் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. முதல் ஆண்டுக்கு அது ஒன்றே போதும் என்றார் ஆசிரியர்.

3. 440ஆ, 442ஆ? கருவிகள் 440 ஹெர்ட்ஸ் அளவுக்கும் 442 அளவுக்கும் செய்யப்படுகின்றன. கல்லூரி எதைப் பின்பற்றுகிறதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

4. முதலில் எதை மாற்ற வேண்டும்? "மவுத்பீஸையும் ரீடையும்" என்றார் உடனே. ஒலியின் குணத்தில் பெரும்பங்கு அங்கேதான் முடிவாகிறது. ஊர்வலத்தில் தவுலுக்கும் டிரம்முக்கும் மேலே கேட்க வேண்டும் என்பதற்காக அவள் அப்பா வாய் அகன்ற மவுத்பீஸும் மென்மையான ரீடும் வைத்திருந்தார். நான்கு சுவர்களுக்குள் வயலினோடு சேர்ந்து வாசிக்க அது பொருந்தாது.

5. வாங்கும் முன் நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா? இதுதான் முக்கியமான கேள்வி. "பார்த்துச் சொல்கிறேன். ஆனால் இப்போது வாங்காதீர்கள்" என்றார். கல்லூரியில் முதல் சில மாதங்களில் மாணவரின் உதட்டுப்பிடியும் மூச்சும் மாறும். இன்று கைக்குப் பிடித்த கருவி ஆறு மாதத்தில் பிடிக்காமல் போகலாம். இருப்பதை எடுத்துக்கொண்டு வரட்டும், மவுத்பீஸ் மட்டும் புதிதாக இருக்கட்டும் என்றார்.

மரம் பற்றியும் கேட்டேன். தொழில்முறைக் கிளாரினெட்டுகளைப் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்கிறார்கள். டான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் வளர்வது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தின் இனம். மிக அடர்த்தியான மரம் என்பதால் நுட்பமாகக் கடைய முடிகிறது. ஆனால் கருவியின் தரம் மரத்தில் மட்டும் இல்லை. உட்குழியின் வடிவம், துளைகள் அமைந்த இடம், கீகளின் பொருத்தம் ஆகியவற்றில் அதிகம் இருக்கிறது. மட்டமாகக் கடைந்த மரக் கருவியை விட நன்றாகச் செய்த கெட்டி ரப்பர் கருவி சுருதி சுத்தமாக இருக்கும்.

வெயிலும் ஈரமும்

எங்கள் பகுதிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு 0.61 மீட்டர் கூடுகிறது. குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் சுருதி சேர்த்த குழலை, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவின் 38 டிகிரி வெயிலில் ஊதினால் என்ன ஆகும்? பிள்ளைகளைக் கணக்கிடச் சொன்னேன். வேகம் 344இலிருந்து 354 ஆகிறது. அதிர்வெண் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு ஏறுகிறது. ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்த சுரத்தானத்துக்கும் உள்ள இடைவெளியில் இது ஏறத்தாழ பாதி. ஊதும் மூச்சு உட்காற்றை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருப்பதால் நடைமுறையில் மாற்றம் இதைவிடக் குறைவு. ஆனாலும் காதுக்குத் தெரியும்.

இதற்குத்தான் வாசிப்பவர்கள் பேரலைச் சிறிது வெளியே இழுக்கிறார்கள். குழாய் நீளும், சுருதி இறங்கும். அதிகம் இழுத்தால் மேல் குழலின் சுரங்கள் மட்டும் கூடுதலாக இறங்கி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் நீளமான இன்னொரு பேரல் வைத்துக்கொள்வது நல்லது. அவள் அப்பாவின் பெட்டியில் இரண்டு பேரல் இருந்தன. "சின்னது மார்கழிக்கு, பெருசு சித்திரைக்கு" என்றார். சூத்திரம் இல்லாமலே அவர் விடையை வைத்திருந்தார்.

மரக் கருவி வெடிப்பதும் இதையொட்டிய விஷயம்தான். ஊதும்போது உட்புறம் ஈரம் ஏறி விரிகிறது. வெளிப்புறம் காய்ந்தபடியே இருக்கிறது. உள்ளே விரிவதை வெளியே தாங்க முடியாமல் விரிசல் விடுகிறது. கோடையின் வறட்சி, மார்கழி விடியலின் குளிர், சென்னையின் கடற்கரை ஈரம் என்று மாறி மாறிப் போகும் கருவிக்கு இந்த ஆபத்து கூடுதல். புதிய மரக் கருவியை முதல் சில வாரங்கள் ஒரு நேரத்தில் 15, 20 நிமிடங்களுக்கு மேல் வாசிக்கக் கூடாது. வாசித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டு வைக்கக் கூடாது.

மூன்று கருவிகள், மூன்று காதுகள்

ஆடி கடந்து அவள் கல்லூரி சேர்ந்தாள், பழைய கிளாரினெட்டும் புதிய மவுத்பீஸுமாக. முதல் மாதம் தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. இரண்டாம் மாதம், "கீழ்ச்சுரம் உனக்குத்தான் நல்லா வருதுன்னு மேடம் சொன்னாங்க சார்" என்றாள்.

டிசம்பரில் ஆசிரியரே அழைத்தார். இப்போது வாங்கலாம் என்றார். போடியிலிருந்து கிளம்பும் சென்னை ரயிலில் நானும் அவள் அப்பாவும் தேனியில் ஏறினோம். கல்லூரி அறையில் மூன்று கருவிகள் இருந்தன: புதிய பிளாஸ்டிக் கருவி ஒன்று, புதிய நடுத்தர மரக் கருவி ஒன்று, திரைப்பட இசைக்குழுவில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் விற்க முன்வந்த தொழில்முறை மரக் கருவி ஒன்று.

கருவி தெரியாதபடி எங்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார் ஆசிரியர். மூன்றிலும் அவளுடைய அதே மவுத்பீஸ், அதே ரீடு. மூன்றிலும் ஒரே வரிசை: நீண்ட ஒற்றைச் சுரம், மிக மெல்லிய ஒலியில் அதே சுரம், கீழ்ப் பதிவிலிருந்து மேல் பதிவுக்குத் தாண்டும் இடம், அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு. சுருதி காட்டும் செயலியை ஒரு தோழி பார்த்து எழுதினாள்.

நான் இரண்டாவதைச் சொன்னேன். சத்தம் கூடுதலாக இருந்தது. அவள் அப்பா மூன்றாவதைச் சொன்னார். "ரெண்டாவது கூட்டத்துல கேக்கும் சார். ஆனா பாப்பா போற எடத்துக்கு அது வேண்டாம். மூணாவதுல மெதுவா ஊதும்போதும் சுரம் நிக்குது." அவளும் மூன்றாவதைத்தான் தேர்ந்திருந்தாள். செயலியின் குறிப்பும் அதையே சொன்னது. மூன்றாவது, ஓய்வு பெற்றவரின் பழைய கருவி. விளக்கை உள்ளே செலுத்தி, விரிசல் அதிகம் வரும் மேல் குழலின் மேற்பகுதியை ஆசிரியர் உற்றுப் பார்த்தார். உறிஞ்சிப் பார்த்தார். இரண்டு பேடு மட்டும் மாற்ற வேண்டும் என்றார்.

பத்து மாதம் முன்பு என்னிடம் நீட்டிய தாளில் இருந்த தொகையில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. மாடு விற்கப்படவில்லை. தோடு அடகுக்குப் போனது. தை முகூர்த்தங்களில் வாசித்து மீட்டுவிட்டார். பழைய கிளாரினெட் மறுபடி அவர் கைக்கு வந்தது.

வகுப்புக்கு எடுத்துப் போக

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஓர் உறிஞ்சுகுழலை வைத்தே இதைத் தொடங்கலாம். ஒரு முனையைப் பல்லால் தட்டையாக்கி, கத்தரிக்கோலால் இருபுறமும் சாய்வாக வெட்டினால் சீவாளி போல ஆகும். உதட்டுக்குள் வைத்து ஊதினால் ஒலிக்கும். ஊதிக்கொண்டே இருக்கும்போது மறுமுனையைத் துண்டு துண்டாக வெட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். 'குழாய் குட்டையானால் ஒலி மேலே போகும்' என்று குழந்தைகளே சொல்வார்கள்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பு ஒலிப் பாடங்களில் ஊரில் உள்ள நாகஸ்வர, பேண்டு செட்டுக் கலைஞர் ஒருவரை அரை மணி நேரம் அழைக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் மேலே சொன்ன அளவீடுகளைச் செய்யலாம். தேவை ஓர் அளவுகோலும் கைபேசியும்தான்.

மேல்நிலை ஆசிரியர்கள் வழிகாட்டும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாகஸ்வரம், தவில், வாய்ப்பாட்டு, வயலின் போன்றவற்றைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. அடுத்து, கல்விக் கடனுக்கு வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் புத்தகம், சீருடையோடு கருவி வாங்கும் செலவுக்கும் இடமுண்டு. வட்டிக்கு வாங்கும் முன், கல்லூரியிடம் செலவுப் பட்டியல் பெற்று, அந்தப் படிப்புக்குக் கடன் உண்டா என்று வங்கியில் கேட்கச் சொல்லுங்கள்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். 'எதை வாங்கலாம் சார்?' என்று ஒரு பெற்றோர் கேட்டால், பெயரோ விலையோ சொல்வதற்கு முன் 'இப்போது இருப்பதில் என்ன குறை?' என்று கேட்க வேண்டும். அந்தக் குறையை மாணவரோடு சேர்ந்து நாமே தேடிப் பார்க்க வேண்டும். தெரியாததை, தெரிந்தவரிடம் அவர்கள் சார்பில் கேட்டுத் தர வேண்டும்.

இந்த ஆண்டு அலைகள் பாடம் தொடங்கும் முன் வகுப்பில் கேட்டேன்: "உங்க வீட்ல யாராவது ஏதாவது வாசிப்பாங்களா?" நான்கு கைகள் உயர்ந்தன. ஒருவன் வீட்டில் உறுமி, ஒருத்தி வீட்டில் தவில், இரண்டு பேர் வீட்டில் பறை. அதிர்வுறும் தோல்களைப் பற்றி நான் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.